இன்னொரு வாட்டி படிங்க சார்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றோ, ஒரு ஒற்று அதிகமாகிவிட்டது என்றோ எங்கிருந்தாவது சொல்லியனுப்புவார். இந்தப் பயத்தோடு ஏழெட்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். அலுவலகத்தில் இதை என்னுடைய நிதானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூற்றொன்றில் அரக்கோணத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு பிளைவுட் ஆலையில் உதவித் தொழிலாளர் நல அதிகாரியாகச் சேர்ந்தேன். மலைக்காடுகளிலிருந்து லாரி லாரியாக மரம் வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து, பென்சில் சீவுவதைப்போல மெல்லிய தகடாக உரித்து, காயவைத்து, பசை பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூட்டில் அழுத்துவார்கள். பசை பூசும் பிரிவில் எல்லோரும் பெண்கள். அங்கே நுழைந்தால் ஐந்தாவது நிமிடம் கண் எரியும். எனக்கு இரண்டாவது நிமிடமே எரியும் என்பதால் நான் அநேகமாக நுழைவதில்லை. தொழிலாளர் நலத்தை என் அறையிலிருந்தே கவனித்துக்கொண்டேன்.

அவர் அந்தப் பசைப் பிரிவில் இருந்தார். அப்போது நாற்பது வயதிருக்கும். வீடு ஸ்ரீராம்புரத்தில். தொழிற்சங்கக் கமிட்டியில் இருந்த ஒரே பெண். எனக்கு இருபத்தாறு வயது. தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமாவும், பத்திரிகைகள் திருப்பியனுப்பிய பதினோரு கவிதைகளும் என்னிடம் இருந்தன.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மேனேஜர் என்னிடம் ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னார். எழுதி, நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டினேன். கழிப்பறை செல்லும் தொழிலாளர்கள் ஐந்து நிமிடங்களுக்குள் பணியிடம் திரும்புதல் வேண்டும். தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். 'திரும்புதல் வேண்டும்' என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

அவர் வந்து நின்றார்.

"சார், இதுல என்ன எழுதியிருக்குது? கொஞ்சம் படிங்க."

பாவம், படிக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன். குழந்தைக்குச் சொல்வதைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"இன்னொரு வாட்டி படிங்க சார்."

படித்தேன். அதற்குள் பசைப் பிரிவிலிருந்து நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள்.

"இவங்க கேக்கல சார். இன்னொரு வாட்டி."

மூன்றாம் முறை படிக்கும்போது இருபது பேர் நின்றார்கள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்டது. மேடையில் வசனம் மறந்த நடிகனின் குரல் மாதிரி இருந்தது.

"இந்த அஞ்சு நிமிஷம் எங்கருந்து சார் எண்றது? மிஷின விட்டு நவுந்ததுலருந்தா, உள்ள போய்க் கதவ சாத்துனதுலருந்தா?"

"மிஷினை விட்டு நகர்ந்ததிலிருந்துதான்."

"எங்க செக்‌ஷன்லருந்து அங்க நடந்து போவறதுக்கே மூணு நிமிஷம் ஆவுது. திரும்பி வர மூணு. நடுவுல எங்களுக்கு என்ன டைம் குடுத்திருக்கீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். விடை பூஜ்யத்துக்கும் கீழே போனது. சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அறிவிப்பைக் கிழித்துவிட்டேன்.

மறுவாரம் கேன்டீனில் அவர் கன்னடப் பேப்பர் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பேப்பர் மடித்து வைத்திருந்தது.

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே?" என்றேன்.

"தெரியாதுன்னு நான் எப்ப சார் சொன்னேன்? படிங்கன்னுதான சொன்னேன்."

யோசித்துப் பார்த்தால், ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவருடைய வழக்கமே அதுதான். எந்தச் சொல்லையும் அப்படியே கீழே விழ விடமாட்டார். எழுதியவரையே படிக்க வைப்பார், சொன்னவரையே திரும்பச் சொல்ல வைப்பார். இரண்டாம் முறை சொல்லும்போது பாதிப் பேருக்கு நாக்குத் தடுமாறும். மூன்றாம் முறை மீதிப் பேருக்கு. நிர்வாகத்திடம் மட்டும் இப்படி இருந்திருந்தால் சங்கத்துக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் சங்கத்தையும் விடவில்லை.

பசைப் புகையைப் பற்றிச் சங்கம் ஒரு மனு கொடுத்தது. 'தினந்தோறும் பத்துப் பெண்கள் மயங்கி விழுகிறார்கள்' என்று செயலாளர் முழங்கியிருந்தார். பேச்சுவார்த்தையில் செயலாளரே அதை உரக்கப் படிக்க, மேனேஜர் முகத்தில் சிரிப்பு வந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்து வீசப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டை எடுத்துத் தந்ததே நான்தான்.

அதற்குள், கமிட்டி வரிசையில் இருந்த அவர் குறுக்கே பேசினார். "தினோம் பத்துப் பேர் இல்ல சார். போன மாசம் ரெண்டு பேர் வுழுந்தாங்க. அதுக்கு முந்தின மாசம் ஒருத்தர். பேர் சொல்றேன், எழுதிக்கோங்க."

செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. மேனேஜர் பதிவேட்டை மெதுவாக மூடினார். பத்து என்பதை மறுக்க அவரிடம் ஆதாரம் இருந்தது. மூன்றை மறுக்க ஒன்றும் இல்லை. அந்த மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் பசைப் பிரிவில் புகையை வெளியே தள்ளும் பெரிய விசிறிகள் இரண்டு வந்தன. ஆனாலும் செயலாளர் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. கூட வேலை செய்த பெண்களும் அவர் வந்தால் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார்கள். மாமியாரைப் பற்றிச் சாதாரணமாகக்கூட எதையும் மிகைப்படுத்திச் சொல்ல முடியாதாம்.

என் கல்யாணப் பத்திரிகையை அவருக்குக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். நல்லா இருங்க. பதவில மட்டும் 'உதவி'ன்னு ஒரு சொல்லு அச்சுல வுட்டுப்போச்சு."

அச்சகத்துக்காரன் விட்டிருக்கலாம் என்கிற சந்தேகத்தின் பலனை எனக்கு அளித்தார். அந்த ஒரு சொல் இல்லாததால்தான் என் மாமனார் சம்மதித்தார் என்பதை நான் சொல்லவில்லை.

ஆலைக்கு வெள்ளிவிழா வந்தது. மலர் ஒன்று வெளியிட முதலாளி முடிவு செய்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வெளியே ஆள் பிடித்தார்கள். தொழிலாளிகளில் பாதிப் பேர் தமிழர்கள், அதனால் தமிழிலும் எட்டுப் பக்கம் வேண்டும் என்று நான் மன்றாடி வாங்கினேன். மன்றாடியது தொழிலாளர்களுக்காக இல்லை. பதினோரு கவிதைகளுக்குப் பழிவாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தலைப்பு 'மரமும் மனிதமும்: நமது ஆலையின் தொழிலுறவு வரலாறு.' முதல் வரி: 'வனத்தாயின் மடியில் பிறந்த மரமும், உழைப்பின் மடியில் பிறந்த மனிதனும் கைகோத்து நடந்த கால் நூற்றாண்டு இது.' அலுவலகத்தில் வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. யாராவது கேட்கவேண்டுமே என்று கேன்டீனில் அவரைப் பிடித்து உட்காரவைத்து, இந்த முறை நானாகவே படித்துக் காட்டினேன்.

"மரத்துக்கு ஏது சார் கை?" என்றார்.

"அது உவமை."

"சரி, படிங்க."

'ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் காணாத சுமுக வரலாறு' என்று படித்தேன்.

"இன்னொரு வாட்டி படிங்க சார்."

படிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆண்களுக்குக் கொடுக்கும் கூலியில் பாதி கொடுத்தால் போதும் என்றுதான் பசைப் பிரிவில் பெண்களைச் சேர்த்தார்கள். நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பு, எட்டு மணி நேர ஷிப்ட் வேண்டும் என்று பதினோரு நாள் ஆலைக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் மழை. அவர் தன் ஆறு மாதக் குழந்தையோடு லாரிக்கு அடியில் இருந்திருக்கிறார். சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. காய்கறி வாங்கப் பட்டியல் சொல்வதைப்போலச் சொன்னார்.

"இதையெல்லாம் முதலாளி அச்சுப் போட விடமாட்டார்" என்றேன்.

"போட வேணாம் சார். ஆனா அது நடக்கலைன்னும் போடாதீங்க. சும்னே வுட்டுடுங்க."

அந்த வரியை அடித்தேன். இப்படி அடித்து அடித்து எட்டுப் பக்கம் நாலாகிவிட்டது. மீதியை எதைப் போட்டு நிரப்புவது என்ற கவலையில், மர யார்டுக்குப் போய் அங்கே லாரி இறக்கும் சுமைத் தொழிலாளிகளின் பெயர்களையெல்லாம் பழைய வரவுப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். பதினெட்டுப் பேர். காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்து, அந்த மரத்தை ஏற்றிவந்த லாரியிலேயே பெங்களூர் வந்து சேர்ந்தவர்கள். ஆலைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. காண்ட்ராக்டரின் ஆட்கள் என்று கணக்கு. காண்ட்ராக்டரின் பெயர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும், ஆட்கள் மட்டும் மாறமாட்டார்கள். இதெல்லாம் தொழிலாளர் நல அதிகாரிக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். எனக்கு அப்போது பக்கம் நிரம்பியதுதான் தெரிந்தது.

'வைகறையில் வரும் வனத்து விருந்தினரைத் தோள்கொடுத்து வரவேற்கும் நம் பதினெட்டு வீரர்கள் இவர்கள். பதினான்கு ஆண்டுகளாக ஒருநாளும் ஓயாது, நம் ஆலை மேலாளரின் சொல்லே வேதமென உழைத்துவரும் நம் குடும்பத்துக் கண்மணிகள்.' இதற்குக் கீழே பதினெட்டுப் பெயர்கள்.

எழுதி முடித்த மறுநாள் அவரிடம் படித்துக் காட்டினேன். கண்மணி என்கிற இடத்தில் எப்படியும் நிறுத்துவார் என்று நானே நிறுத்திப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

"பதினாலு வருஷம்னு எங்கருந்து எடுத்தீங்க?"

"யார்டு புத்தகத்திலிருந்து."

"பேருங்க எல்லாம் கரெக்ட்டா எழுதியிருக்கீங்களா? காட்டுங்க." ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு இனிஷியலைத் திருத்தினார். "இத மாத்தாதீங்க சார். இது நல்லாருக்குது."

என் வாழ்க்கையில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன், உட்கார இடம் இருந்தும்.

அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் காட்டிலிருந்து மரம் வருவது குறைந்தது. பிறகு வெட்டவே கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது என்றார்கள். யார்டு காலியாகக் கிடந்தது. முதலாளி வெளிநாட்டு மரம் வாங்கிப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. அதையும் நான்தான் எழுதினேன். இந்த முறை யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு நஷ்டஈடு பேசி முடித்தார்கள். அவருக்கும் கிடைத்தது. யார்டுத் தொழிலாளிகள் பதினெட்டுப் பேரும் வந்து நின்றபோது, "நீங்கள் யார்?" என்று கேட்டுவிட்டார்கள். கடைசிக் காண்ட்ராக்டர் ஊரிலேயே இல்லை. மற்ற பசைப் பிரிவுப் பெண்களைப்போல அவரும் தன் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். பதினெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் துறையில் வழக்குப் போட்டார்.

விசாரணை அன்று நான் நிர்வாகத்தின் பக்கம், எங்கள் வக்கீலுக்குப் பின் நாற்காலியில், மடியில் ஃபைல்களோடு உட்கார்ந்திருந்தேன். முதலாளியின் தம்பி ஹெப்பகோடிப் பக்கம் அட்டைப்பெட்டி ஆலை தொடங்கியிருந்தார். அங்கே எனக்கு மேனேஜர் வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 'உதவி' இல்லாத மேனேஜர். மனைவி அந்தப் பக்கம் வாடகை வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

இந்தப் பதினெட்டுப் பேரையும் நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாது என்று வக்கீல் வாதாடினார். சமரச அதிகாரி அவரைப் பார்த்து, "ஆதாரம் இருக்கிறதா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அவர் பையிலிருந்து வெள்ளிவிழா மலரை எடுத்தார்.

அவர் பக்கத்தைப் பிரித்து என் பாராவைத் தமிழில் உரக்கப் படித்தார். வைகறை, வனத்து விருந்தினர், கண்மணி எதையும் விடவில்லை. பிறகு அதிகாரிக்காகக் கன்னடத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பு மிகச் சின்னதாக இருந்தது: "பதினெட்டுப் பேர். பதினாலு வருஷம். லாரி இறக்குனாங்க. கம்பெனி மேனேஜர் சொன்ன வேலையச் செஞ்சாங்க." நான் நாலு நாள் உட்கார்ந்து எழுதியதில் இருந்த சரக்கு அவ்வளவுதான்.

அதிகாரி மலரை வாங்கிப் பார்த்தார். அட்டையில் முதலாளியின் படம், உள்ளே அவருடைய வாழ்த்துரை. வக்கீல் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, என் பக்கத்தைப் படித்தார். அவர் மல்லேஸ்வரத்துத் தமிழர், படிக்கத் தெரிந்தவர். படிக்கப் படிக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இதை நிர்வாகம் எழுதவில்லை. பக்கம் நிரப்ப அச்சகத்தில் யாரோ கைக்கு வந்ததை எழுதிப் போட்டிருக்கிறார்கள். நடையைப் பார்த்தாலே தெரிகிறது. நாலாம் வகுப்புப் பையனின் கட்டுரை இதைவிட நன்றாக இருக்கும். பொறுப்புள்ள அதிகாரி எவனாவது இப்படி எழுதுவானா?"

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மடியிலிருந்த ஃபைல்கள் தரையெல்லாம் சிதறின.

"நான்தான் எழுதினேன்."

வக்கீல் திரும்பி, உட்காரும்படி கண்ணைக் காட்டினார். உட்கார்ந்திருக்கலாம். அப்போதும் தப்பித்திருப்பேன்.

"அச்சகத்துக்காரன் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை சார். யார்டு புத்தகத்தைப் பார்த்து நானே எழுதினேன். ஒவ்வொரு வரியும் என்னுடையது."

அதிகாரி பேனாவை எடுத்தார். "யார்டு புத்தகமா? அது எங்கே?"

அது என் காலடியில் கிடந்தது.

மூன்று மாதத்தில் பதினெட்டுப் பேரும் ஆலையின் தொழிலாளிகள்தான் என்று முடிவாகி, அவர்களுக்கும் நஷ்டஈடு கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு இல்லை, ஆனாலும் கிடைத்தது. ஹெப்பகோடி வேலை எனக்கு இல்லை என்று அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. கட்டைவிரல் கோணலான ஒரு யார்டுத் தொழிலாளி என் வீட்டுக்கே வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தியவான் என்றார். நான் மறுக்கவில்லை. மனைவி காபி போட்டுக் கொடுத்தாள்.

அதற்கு முன்பே, விசாரணை முடிந்த அன்று படியிறங்கும்போது, மலரைப் பையில் திரும்ப வைத்தபடி அவர் மட்டும் என் பக்கத்தில் வந்தார்.

"நல்ல வேள சார், உங்களுக்கு ரோசம் வந்துச்சு" என்றார். என் பாராவை அன்றைக்கு நன்றாயிருக்கிறது, மாற்றாதீர்கள் என்று சொன்னது இதற்குத்தானா என்று கேட்க வாயெடுத்தேன். பதில் என்னவாயிருக்கும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அந்த எட்டு மாதமும் அந்தக் கதை வளர்ந்தது. மனைவியிடம், மாமனாரிடம், மச்சானிடம் சொல்லச் சொல்ல நான் எழுந்து நின்ற விதம் மாறியது. ஃபைல் சிதறுவது நின்றுபோனது. வக்கீல் என் நடையைக் கிண்டல் செய்தது அடியோடு காணாமல் போனது. கடைசியில், பதினெட்டுக் குடும்பங்களை நினைத்துப் பார்த்து, மனசாட்சி கேட்காமல், வேலை போனாலும் போகட்டும் என்று நான் எழுந்தேன் என்பதாக நிலைத்தது. வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் சேர்ந்தபோது நேர்முகத் தேர்விலும் அதைத்தான் சொன்னேன்.

இரண்டாயிரத்துக்கப்புறம் நாலைந்து வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பேரப்பிள்ளைக்கு ஷூ வாங்க வந்தாராம்.

"அக்கா" என்றேன். வேலையில் இருந்தவரை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

மனைவிக்கு அவரை அறிமுகம் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி ஆர்வத்தில் முந்திக்கொண்டாள். "நீங்கதானா அது? இவர் உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காரு. அந்தக் கேஸ்ல இவர் வேலை போனாலும் பரவால்லைன்னு எழுந்து உண்மையச் சொன்னாராமே, நீங்க அங்க இருந்தீங்களாமே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். ஏதோ ஒரு பஸ் வந்தது, எங்களுடையது இல்லை. இன்னொரு வாட்டி சொல்லும்மா என்று கேட்கப்போகிறார், அவள் சொல்லப்போகிறாள், அப்புறம் என்னைச் சொல்லச் சொல்லப்போகிறார்.

"இருந்தேம்மா" என்றார் நிதானமாக. "அவரு எழுந்து நின்னாரு. நான்தான் எழுதுனேன்னு சொன்னாரு. அதனால வேல போச்சு. அந்தப் பதினெட்டுப் பேரும் நல்லா இருக்காங்க."

அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மனைவி என் முழங்கையைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டாள். அவர் ஷூப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீராம்புரம் பஸ்ஸைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் பஸ் மாரத்தஹள்ளியைத் தாண்டும்வரை நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. வக்கீல் சொன்ன நாலாம் வகுப்புப் பையன், தரையில் சிதறிய ஃபைல்கள், ரோசம் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"மனசாட்சின்னு சொன்னீங்களே, அத நான் என்னைக்குங்க நம்புனேன்?" என்றாள்.